துணிகோவையின் வீச்சைக் கற்பிக்கும் ஒரு வெள்ளவத்தை வகுப்பு: ஒரு மதிப்புரை

கொழும்பின் வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வார இறுதிகளில் நடைபெறும், உயர்தரப் பரீட்சைக்கான இணைந்த கணித வகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. வகுப்பை நடத்தும் ஆசிரியர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் அவருடைய பெயரையும் இடத்தின் பெயரையும் தவிர்க்கிறேன். அப்பகுதியில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் வழி சொல்வார்கள். என் மகள் அங்கே படிக்கிறாள். விரும்பும் பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கலாம் என்று ஆசிரியரே அனுமதித்திருப்பதால், பொறியியல் படித்து அத்தொழிலிலேயே இருக்கும் நான், மூலகங்களாகத் திரிகோணகணிதச் சார்புகளைக் கொண்ட துணிகோவைகளின் வீச்சைக் காணும் பகுதி முழுவதையும் அமர்ந்து கேட்டேன். சதுரமாக அடுக்கிய மூலகங்களிலிருந்து ஒரு விதிப்படி கணிக்கப்படும் பெறுமானமே துணிகோவை; கோணம் மாற அது எடுக்கும் எல்லாப் பெறுமானங்களும் சேர்ந்ததே அதன் வீச்சு.

ஒரு கணித வகுப்பை மதிப்பிடுவதற்கு இந்த ஒரு தலைப்பே போதும் என்பது என் எண்ணம். துணிகோவையை விரிக்கத் தெரிய வேண்டும், சர்வசமன்பாடுகள் கைவசம் இருக்க வேண்டும், இருபடிச் சார்பின் உயர்வு இழிவுகளைக் காண வேண்டும், சமனிலிகளைக் கவனத்துடன் கையாள வேண்டும். இவை யாவும் சரியாக இருந்தும், கடைசி வரியில் ஓர் அடைப்புக்குறியைத் தவறாக இட்டால் விடை பிழைத்துவிடும். எனவே ஓர் ஆசிரியர் விடையைக் கண்டுபிடிக்கும் வித்தையை மட்டும் சொல்லிக் கொடுக்கிறாரா, அல்லது அந்த விடை ஏன் விடையாகிறது என்பதையும் சொல்லிக் கொடுக்கிறாரா என்பது இந்த இடத்தில் மறைக்க முடியாதபடி தெரிந்துவிடுகிறது. இந்த வகுப்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் இந்தப் பகுதியை இவ்வளவு நேர்மையாகக் கற்பிக்கும் ஒரு தனியார் வகுப்பைக் கொழும்பில் நான் வேறு கண்டதில்லை.

முதலில் எழுதப்பட்ட கணக்கு மிகச் சிறியது. கோணத்தின் சைனை ச என்றும் கோசைனைக் க என்றும் வைத்துக்கொள்வோம். முதல் நிரை (குறுக்கு வரி) ச, க. இரண்டாம் நிரை −4, 3. விரித்தால் 3ச + 4க. கோணம் எல்லா மெய்ப்பெறுமானங்களையும் எடுக்கும்போது இதன் வீச்சு என்ன என்று ஆசிரியர் கேட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவர், சைனும் கோசைனும் −1 இற்கும் 1 இற்கும் இடையில் இருப்பதால் விடை −7 முதல் 7 வரை என்றார். ஆசிரியர் அதை அழிக்கவில்லை. “தம்பி, நீங்கள் சொன்ன சமனிலி முற்றிலும் உண்மை. இந்தத் துணிகோவை 7 ஐத் தாண்டவே தாண்டாது. இப்போது எந்தக் கோணத்தில் அது 7 ஆகிறது என்று எனக்குக் காட்டுங்கள்” என்றார். சைனும் கோசைனும் ஒரே கோணத்தில் இரண்டும் 1 ஆக முடியாது என்பதை அந்த மாணவரே கண்டுகொள்ளும் வரை அவர் காத்திருந்தார். பிறகுதான் 5 என்ற எண்ணை வெளியே எடுத்து, 3ச + 4க என்பதை 5 இன் மடங்கான ஒரு தனிச் சைனாக எழுதி, வீச்சு [−5, 5] என்று நிறுவினார்.

அந்தக் காத்திருப்பில்தான் இந்த வகுப்பின் தரம் இருக்கிறது. வீச்சைக் காண்பது என்பது இரண்டு தனித்தனி வேலைகள் என்பதை அவர் அன்றே பலகையின் மேற்பகுதியில் எழுதிவிட்டார்: இந்த எல்லைகளுக்கு வெளியே போகாது என்று காட்டுவது ஒன்று, அந்த எல்லைகளைத் தொடுகிறது என்று, தொடும் கோணத்தையே எழுதிக் காட்டுவது மற்றொன்று. பெரும்பாலான வகுப்புகளில் முதல் வேலை முடிந்ததும் விடையின் கீழே இரட்டைக் கோடு போட்டுவிடுகிறார்கள். இங்கே ஒவ்வொரு கணக்கிலும் இரண்டாவது வேலைக்கென்று ஒரு வரி ஒதுக்கப்படுகிறது, அதை எழுதாத விடைத்தாளில், எண் சரியாக இருந்தாலும், சிவப்பு மையால் “எங்கே?” என்று எழுதித் திருப்பித் தருகிறார்.

அடுத்து வந்த 3×3 துணிகோவை எனக்கு மிகவும் பிடித்தது. முதல் நிரை 2, ச, 1. இரண்டாம் நிரை −ச, 1, ச. மூன்றாம் நிரை −1, −ச, 2. பிள்ளைகள் உடனே விரிக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் பேனாக்களைக் கீழே வைக்கச் சொன்னார். இரண்டாம் நிரை முழுவதையும் −1 ஆல் பெருக்குங்கள், பிறகு இரண்டாம் நிரல் (நெடு வரி) முழுவதையும் −1 ஆல் பெருக்குங்கள், துணிகோவைக்கு என்ன நேர்கிறது என்று கேட்டார். இரண்டு முறை குறி மாறுவதால் பெறுமானம் மாறாது. ஆனால் உள்ளே ச இருந்த ஒவ்வோர் இடத்திலும் இப்போது −ச இருக்கிறது, எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. எனவே ச இற்குப் பதிலாக −ச ஐப் பிரதியிட்டாலும் இந்தத் துணிகோவை அதே பெறுமானத்தையே தர வேண்டும். ஆகவே விரிவில் ச இன் ஒற்றை அடுக்குகள் எவையும் தோன்ற முடியாது. ஓர் உறுப்பைக் கூட விரிக்காமல், விடை ஓர் எண்ணும் ச² இன் ஒரு மடங்கும் சேர்ந்ததாக இருக்கும் என்று வகுப்பே முடிவுக்கு வந்தது. அதன்பிறகு விரித்தபோது 5 + 4ச² வந்தது. ச² என்பது 0 முதல் 1 வரை. 0 ஐ 0° யிலும், 1 ஐ 90° யிலும் எடுக்கிறது. ஆகவே வீச்சு [5, 9].

விரிப்பதற்கு முன் சமச்சீரைத் தேடும் இந்தப் பழக்கம் பரீட்சைக்கும் பயன்படும். இணைந்த கணிதத்தில் ஒவ்வொரு வினாத்தாளிலும் அ பகுதியில் 25 புள்ளிகள் வீதம் பத்துக் குறுவினாக்களும், ஆ பகுதியில் 150 புள்ளிகள் வீதம் ஐந்து நெடுவினாக்களும் மூன்று மணித்தியாலத்தில் எழுதப்பட வேண்டும். அந்த நெருக்கடியில், விரிவில் ச இன் ஒற்றை அடுக்கு ஒன்று வந்துவிட்டால் எங்கோ குறி பிழைத்திருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளும் மாணவிக்கு அது பெரிய ஆறுதல்.

அதே துணிகோவையை வைத்துக்கொண்டே கோணத்தின் ஆட்சியை, அதாவது கோணம் எடுக்கக்கூடிய பெறுமானங்களைச் சுருக்கியபோது வகுப்பு இன்னும் கூர்மையடைந்தது. கோணம் 135° ஐ விடப் பெரியதாகவும், 210° இற்குச் சமமாகவோ அதைவிடச் சிறியதாகவோ இருந்தால் வீச்சு என்ன? இரண்டு முனைகளிலும் பெறுமானம் பார்த்தால் 135° யில் 7, 210° யில் 6. பாதி வகுப்பு 6 இற்கும் 7 இற்கும் இடைப்பட்ட ஆயிடையை எழுதியிருந்தது. ஆனால் இந்த ஆட்சிக்குள் 180° இருக்கிறது. அங்கே சைன் 0 ஆகி, துணிகோவை 5 இற்கு இறங்குகிறது. மறுபுறம் 135° ஆட்சியில் சேராததால் 7 ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், எட்ட முடியாது. ஆகவே விடை [5, 7). ஒரு பக்கம் முனையும் சேரும் சதுர அடைப்பு, மறுபக்கம் முனை சேராத வளைந்த அடைப்பு. “இருக்கும் இடம்” கேட்டால் 4 முதல் 8 வரை என்று சொன்னாலும் பொய்யில்லை, “வீச்சு” கேட்டால் இந்த ஒன்றைத் தவிர வேறு விடை கிடையாது என்று அவர் சொன்னதை என் மகள் தன் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வுகளின் பாணியில் நான்கு விடைகள் தந்து தெரிவு செய்யச் சொல்லும் வினாக்களில், வீச்சை முழுவதுமாக உள்ளடக்கும் ஒரு பெரிய ஆயிடையே சரியான தெரிவாக அமைந்துவிடுவதுண்டு. அப்படிப்பட்ட வினாக்களிலேயே பழகிய பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு மங்கிப்போகிறது. அதை இவர் மறுபடியும் தெளிவாக்குகிறார்.

இருபடியாக வரும் துணிகோவைகளுக்கு அவர் அதிக நேரம் எடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் இல்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய இரண்டு கணக்குகளைத் தெரிந்தெடுத்த விதம் பாராட்டுக்குரியது. முதலாவதன் நிரைகள் (1 + ச, க), (க, 1). அது ச² + ச ஆகிறது. வர்க்கத்தைப் பூர்த்தியாக்கினால் இழிவு −1/4, அது ச = −1/2 இல் கிடைக்கிறது, உயர்வு 2; வீச்சு [−1/4, 2]. இரண்டாவதன் நிரைகள் (5ச, க), (க, 1). அது ச² + 5ச − 1. அதே முறையில் வர்க்கத்தைப் பூர்த்தியாக்கினால் இழிவு −29/4 என்று வருகிறது; ஆனால் அதற்கு ச = −5/2 ஆக வேண்டும், எந்த மெய்க்கோணத்தின் சைனும் அப்படி ஆகாது. ச என்பது −1 முதல் 1 வரை செல்லும்போது இந்தக் கோவை தொடர்ந்து கூடிக்கொண்டே போவதால் வீச்சு [−5, 5]. வளையியின் உச்சி ஆட்சிக்குள் விழுகிறதா என்று பார்க்காமல் சூத்திரத்தை நம்பியவர்கள் −29/4 ஐ எழுதியிருந்தார்கள், “எங்கே?” என்ற கேள்வியை அவர்களே தங்களிடம் கேட்டிருந்தால் அந்த விடை காகிதத்துக்கு வந்திருக்காது.

முனைகளைத் தொட்டுவிட்டால் இடையில் உள்ள எல்லாப் பெறுமானங்களும் வருமா என்று ஒரு மாணவி கேட்டார். பதில் தொடர்ச்சியில் இருக்கிறது: சைனும் கோசைனும் தொடர்ச்சியான சார்புகள், துணிகோவை என்பது அவற்றைப் பெருக்கியும் கூட்டியும் கழித்தும் பெறப்படுவதால் அதுவும் தொடர்ச்சியானது, தொடர்ச்சியான சார்பு ஓர் ஆயிடையில் இரண்டு பெறுமானங்களை எடுத்தால் இடைப்பட்ட எல்லாவற்றையும் எடுத்தே தீரும். இதை விளக்கிய கையோடு, தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் காட்டினார். கோணத்தின் தாஞ்சனையும் கோதாஞ்சனையும் கொண்டு, முதல் நிரை தாஞ்சன், −கோதாஞ்சன். இரண்டாம் நிரை 1, 1. துணிகோவை தாஞ்சனும் கோதாஞ்சனும் கூடியது. அதாவது 2 ஐ இருமடங்குக் கோணத்தின் சைனால் வகுத்தது. அதன் வீச்சு இரண்டு துண்டுகள்: −2 உம் அதற்குக் கீழும், 2 உம் அதற்கு மேலும். நடுவில் ஒன்றுமே இல்லை, ஏனெனில் 90° யின் ஒவ்வொரு மடங்கிலும் ஆட்சியே உடைந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, தொடர்ச்சியைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை யாரும் வெறும் சடங்காக எழுதமாட்டார்கள்.

வகுப்பின் சிறந்த பகுதி இதற்குப் பிறகு வந்தது. மூன்று மூலகங்கள் நிரைக்கு நிரை ஓர் இடம் நகர்ந்து அமையும் துணிகோவைகள். முதல் நிரை ச, க, 0. இரண்டாவது க, 0, ச. மூன்றாவது 0, ச, க. விரித்தால் −(ச³ + க³). இங்கே 45° யில் சைனும் கோசைனும் சமமாக இருப்பதால் அங்கேதான் உச்சம் என்று எண்ணத் தோன்றும். அங்கே ச³ + க³ என்பது √2/2 மட்டுமே. ஆசிரியர் வகையிடவே இல்லை. ச இன் பருமன் 1 ஐத் தாண்டாததால் ச³ இன் பருமன் ச² ஐத் தாண்டாது, க³ உம் அப்படியே; கூட்டினால் ச² + க² = 1 ஐத் தாண்டாது. 0° யில் துணிகோவை −1, 180° யில் 1. வீச்சு [−1, 1]. இரண்டு வரி. சமச்சீரான புள்ளியில் உச்சம் இருக்கும் என்ற ஊகம் எவ்வளவு எளிதாகப் பொய்க்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

பிறகு அந்த 0 ஐ அழித்துவிட்டு 1 ஐ எழுதினார். நிரைகள் ச, க, 1. க, 1, ச. 1, ச, க. ஒரே ஒரு மாற்றம், கணக்கின் தன்மையே மாறிவிட்டது. துணிகோவை 3சக − ச³ − க³ − 1 ஆகிறது. முதலில் பிள்ளைகளைத் தங்கள் கணிப்பான்களில் அட்டவணை அமைக்கச் சொன்னார். 15° இடைவெளியில் 0° முதல் 360° வரை 25 வரிகள். அட்டவணையில் மிகச் சிறிய பெறுமானம் 120° யிலும் 330° யிலும் −2.8236, மிகப் பெரியது 225° யில் 1.2071. திரையில் ஜியோஜீப்ரா மென்பொருளைக் கொண்டு வரைபையும் காட்டினார். 2001 இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் ஆய்வுப் பணியாகத் தொடங்கிய அந்த மென்பொருளைக் கணித வகுப்பில் இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது: விடையைப் பெறுவதற்கு முன் எதைத் தேடுகிறோம் என்று பார்த்துக்கொள்வதற்கு. ஏனெனில் அட்டவணை சொன்ன −2.8236 உண்மையான இழிவு அன்று. உண்மையான இழிவு அட்டவணையின் வரிகளுக்கு இடையில், ஏறத்தாழ 118° யில் ஒளிந்திருக்கிறது.

அதைக் காண, ச + க + 1 என்பதை ய என்று வைத்தார். சக என்பதை ச + க இன் வர்க்கத்திலிருந்து பெறலாம் என்பதால் துணிகோவை முழுவதும் ய இல் எழுதப்பட்டு, −ய(6 − ய²)/2 ஆகிறது. ச + க என்பது −√2 முதல் √2 வரை செல்வதால் ய என்பது 1 − √2 முதல் 1 + √2 வரை. பெறுதி (கோவை மாறும் வீதம்) ய = √2 இல் பூச்சியமாகிறது; அது ஆட்சிக்குள் இருக்கிறது; அங்கே துணிகோவை −2√2, அதாவது ஏறத்தாழ −2.8284. ய இன் கீழ் முனையில், அதாவது 225° யில், (1 + √2)/2. மேல் முனையில், 45° யில், (1 − √2)/2. அது இரண்டுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. எனவே வீச்சு [−2√2, (1 + √2)/2].

இத்துடன் நிறுத்தியிருந்தாலும் நல்ல பாடம்தான். அவர் நிறுத்தவில்லை. 1893 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜாக் அடமார் நிறுவிய சமனிலியை எடுத்தார்: ஒரு துணிகோவையின் பருமன் அதன் நிரைகளைக் காவிகளாக, அதாவது நீளமும் திசையும் உடையவையாகக் கொண்டால் அவற்றின் நீளங்களின் பெருக்கத்தைத் தாண்டாது. மூன்று காவிகளால் அடைக்கப்படும் சரிந்த திண்மத்தின் கனவளவே துணிகோவையின் பருமன்; காவிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும்போதுதான் அந்தக் கனவளவு உச்சமடையும். நம்முடைய நிரைகள் ஒவ்வொன்றின் நீளமும், கோணம் எதுவாயினும், √2. ஆகவே துணிகோவை −2√2 இற்கும் 2√2 இற்கும் வெளியே போகாது. கீழ் எல்லை நாம் ஏற்கெனவே கண்ட இழிவேதான்! நிரைகள் செங்குத்தாவதற்கான நிபந்தனை சக + ச + க = 0; அதைத் தீர்த்தால் ச + க = √2 − 1, அதே ய = √2. மேல் எல்லையோ 2√2, அது ஒருபோதும் எட்டப்படுவதில்லை, துணிகோவை 1.2071 உடன் நின்றுவிடுகிறது. ஒரே சமனிலியின் ஒரு முனை உண்மையான வீச்சைத் தொடுகிறது, மறுமுனை வெகு தூரத்தில் நிற்கிறது. பலகையின் மேற்பகுதியில் எழுதிய அந்த இரண்டு வேலைகளுக்கும் இதைவிட நல்ல உதாரணத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முதல் கணக்கின் 5 உம் இப்போது விளங்கிவிட்டது: (ச, க) இன் நீளம் 1, (−4, 3) இன் நீளம் 5, தாஞ்சன் 3/4 ஆகும் கோணத்தில் அவை செங்குத்தாகின்றன.

வகுப்பில் வழங்கப்படும் அச்சிட்ட பயிற்சித் தாளான ரியூட்டைப் பற்றி என்னால் இதே உற்சாகத்துடன் எழுத முடியவில்லை. அச்சு மங்கலாக இருப்பதையும் சில நிரைகள் கோணலாக அமைந்திருப்பதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் விடைப் பக்கத்தில் உள்ள ஒரு பிழை பொறுக்கத்தக்கதன்று. ஒரு முக்கோணியின் கோணங்கள் அ, ஆ, இ. மூலைவிட்டத்தில் மூன்று 1 கள். முதல் நிரையில் தொடர்ந்து கோசைன் இ, கோசைன் ஆ, இரண்டாம் நிரையின் கடைசியில் கோசைன் அ, மற்றவை மூலைவிட்டத்தைப் பற்றிச் சமச்சீராக. முக்கோணியின் கோணங்களுக்குரிய சர்வசமன்பாட்டைப் பயன்படுத்தினால் இந்தத் துணிகோவை மூன்று கோசைன்களின் பெருக்கத்தின் நான்கு மடங்காகச் சுருங்குகிறது. அதன் உயர்வு 1/2, சமபக்க முக்கோணியில் கிடைக்கிறது. கீழ்ப்பக்கத்தில், ஒரு கோணம் 180° ஐ நெருங்க மற்ற இரண்டும் 0° ஐ நெருங்கும்போது பெறுமானம் −4 ஐ நெருங்குகிறது. ஆனால் அப்படியொரு முக்கோணி இல்லை. ஆகவே வீச்சு (−4, 1/2]. ரியூட்டில் இரண்டு பக்கமும் சதுர அடைப்பு இட்டு அச்சிட்டிருக்கிறார்கள். எட்டப்படுகிறதா என்ற கேள்வியையே உயிராகக் கொண்ட ஒரு வகுப்பு, தன் கையால் விநியோகிக்கும் தாளில் அதைத் தவறவிடுவது மாணவர்களை ஆழமாகக் குழப்பும். ஆசிரியர் பலகையில் சரியாகவே செய்தார். “ரியூட்டில் திருத்திக்கொள்ளுங்கள் பிள்ளைகள்” என்று சொல்லவும் செய்தார். அன்று வராதவர்களின் கையில் பிழையான தாள்தான் இருக்கிறது.

அதே பக்கத்தில், 1 களுக்குப் பதிலாக −1 களை வைத்த துணிகோவை எல்லா முக்கோணிகளுக்கும் 0 ஆகவே இருக்கும், அதாவது அதன் வீச்சு ஒரே ஓர் எண் என்பது ஒரு வரியில் சொல்லப்பட்டுக் கடந்துபோயிற்று. அது இன்னும் கொஞ்ச நேரம் பெற்றிருக்க வேண்டும். அ = ஆ கோசைன் இ + இ கோசைன் ஆ என்பது போலப் பக்கங்களை எறியங்களால் எழுதும் மூன்று சமன்பாடுகள் எந்த முக்கோணிக்கும் பூச்சியமல்லாத தீர்வைக் கொண்டிருப்பதே அதன் காரணம் (இங்கே அ, ஆ, இ அந்தந்தக் கோணத்துக்கு எதிர்ப்பக்கத்தின் நீளங்கள்). துணிகோவை ஏன் மறைகிறது என்பதற்கு இவ்வளவு அழகான கேத்திரகணித விளக்கம் கையருகே இருக்கும்போது, விரித்துச் சுருக்கிப் பூச்சியம் காட்டியது ஓர் இழப்பு.

மண்டபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல்மாடிக் கூரை மதியத்தில் நன்றாகச் சூடேறுகிறது, மின்விசிறிகள் போதாது. கடற்கரையோரப் புகையிரதம் செல்லும்போது ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டிருப்பார். பின்வரிசையில் இருப்பவர்கள் அந்த வரிகளின் விளக்கத்தை இழக்கிறார்கள். இருக்கைகளை முன்னதாகவே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இலண்டன் உயர்தரம் எழுதும் சில பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் பாடசாலையில் ஆங்கில மொழியில் படிப்பதால் முதல் சில வகுப்புகளில் திணறுவதைக் கண்டேன், பக்கத்திலிருந்தவர்கள்தான் அவர்களுக்குக் கைகொடுத்தார்கள். விடைத்தாள்கள் திருத்தப்பட்டு வரும் என்பது உண்மை, ஆனால் அவை தாமதமாகவே வருகின்றன. அதற்குள் வகுப்பு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறது. கட்டணம் அயலில் உள்ள பெரிய வகுப்புகளைவிடச் சற்றுக் கூடுதல். நான் அதை மனமுவந்து செலுத்துகிறேன், ஆயினும் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் அது இலகுவன்று என்பதை ஆசிரியர் கருத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கையடக்கத் தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் காணொளிகளே போதாதா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். துணிகோவையை விரிக்கவும் சர்வசமன்பாடுகளைப் பிரயோகிக்கவும் அவை தாராளமாகப் போதும். தான் எழுதிய −7 முதல் 7 வரை என்ற விடைக்கு முன்னால் நின்று, அதன் பாதி உண்மையை உண்மையென்று ஒப்புக்கொண்டு, மீதியைத் தானே தேடும்படி ஒரு பிள்ளையை நிறுத்திவைக்கும் மனிதர் அவற்றில் இல்லை. அந்த வேலைக்குத்தான் நாம் கட்டணம் செலுத்துகிறோம்.

இருபடிச் சமனிலிகளிலும் கூட்டுக் கோணச் சூத்திரங்களிலும் இன்னும் தடுமாறும் பிள்ளைகளை இப்போதே அனுப்ப வேண்டாம் என்பது என் ஆலோசனை. வேகம் அவர்களைப் பின்தள்ளிவிடும், அந்த அடிப்படையை மீட்ட இங்கே நேரம் ஒதுக்கப்படுவதில்லை. அவை கைவசமுள்ள பிள்ளைகள், குறிப்பாகப் பொறியியலோ கணிதமோ படிக்க விரும்புபவர்கள், தயங்காமல் சேரலாம். 100 ஆம், 101 ஆம் இலக்கப் பேருந்துகளில் வருபவர்களுக்கு வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்தில் இறங்குவது வசதி. புகையிரத நிலையமும் நடக்கும் தூரத்தில்தான். சேர்பவர்கள் ரியூட்டின் விடைப் பக்கத்தில் முக்கோணிக் கணக்கின் இடப்பக்க அடைப்புக்குறியை முதல் நாளிலேயே வளைத்துத் திருத்திக்கொள்ளட்டும். அடுத்த அச்சில் ஆசிரியரே அதைத் திருத்திவிடுவார் என்று எதிர்பார்க்கிறேன்.